ஆயர் மாதம் இரண்டு ஞாயிறு மட்டும் வரும் சிறு எபிஸ்கோப்பல் சபை: வார ஒழுங்கும் அடுத்த மூன்று ஆண்டும்

புதிய_வெஸ்ட்ரி கேட்டது:

எல்லோருக்கும் தோத்திரம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு சிறுநகர எபிஸ்கோப்பல் (ஆங்கிலிக்கன் மரபு) சபை. ஞாயிறு வருகை சராசரி 28 பேர், காணிக்கை வாக்குறுதி தருகிற குடும்பங்கள் 18. முழுநேர ரெக்டர் (சபையின் பொறுப்பு ஆயர்) ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் மட்டும் சப்ளை ஆயர் (தற்காலிகமாக வந்து ஆராதனை நடத்துபவர்) வருகிறார். கட்டிடம் பழையது, சபையின் முதலீட்டு நிதியில் 1,80,000 டாலர் இருக்கிறது. நான் சி.எஸ்.ஐ-யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) வளர்ந்தவள், இந்த ஜனவரியில் சபையின் நிர்வாகக் குழுவான வெஸ்ட்ரிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

ஆயர் வராத ஞாயிறுகளை எப்படி நடத்துவது? வாரத்தில் வேறு என்ன வைக்கலாம்? பாதிநேர ஆயரை அழைக்க நம்மால் முடியுமா? செய்து பழகியவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஜெபப்புத்தகம்:

தங்கச்சி, திருநெல்வேலிச் சேகரங்களில் ஒரு குருவானவருக்குக் கீழே பல ஊர்ச் சபைகள் இருக்கும். அவர் வராத ஞாயிறு உபதேசியார் ஆராதனை நடத்துவார். ஆயர் இல்லை என்று சபை கூடாமல் இருப்பதில்லை. அதே பழக்கத்தை இங்கேயும் நிலைநிறுத்தலாம், எபிஸ்கோப்பல் திருச்சபையின் 1979 ஜெபப் புத்தகம் அதற்கு இடம் கொடுத்தே எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டாம், நான்காம் ஞாயிறுகளுக்கு காலை ஜெபம், இரண்டாம் முறைமை (தற்கால மொழி வடிவம்), 75ஆம் பக்கத்தில் தொடங்குவது. தொடக்க வசனம், பாவ அறிக்கை, வெனிட்டே (95ஆம் சங்கீதப் பாட்டு), அன்றைய சங்கீதம். பிறகு பழைய ஏற்பாட்டுப் பாடம், ஒரு கேண்டிக்கிள் (துதிப்பாட்டு), நிருபம், இன்னொரு கேண்டிக்கிள், சுவிசேஷம். அதன்பின் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், அந்த ஞாயிறின் கலெக்ட் (நாளுக்குரிய சிறு ஜெபம்), விண்ணப்பங்கள், பொது ஸ்தோத்திர ஜெபம். மூன்று பாட்டும் எட்டு நிமிடப் பிரசங்கமும் சேர்த்தால் 50 நிமிடம். பாடங்களைத் தினசரி அட்டவணையிலிருந்து எடுக்காதீர்கள். ஞாயிறின் முதன்மை ஆராதனை காலை ஜெபமாக இருந்தாலும், திருவிருந்துக்கு உரிய மூன்றாண்டுப் பாட அட்டவணையான லெக்‌ஷனரிதான். இல்லையென்றால் முதல் ஞாயிறில் மத்தேயு, இரண்டாம் ஞாயிறில் யோவான், மூன்றாம் ஞாயிறில் மறுபடி மத்தேயு என்று சபையார் கதையின் தொடர்ச்சியை இழப்பார்கள். அந்த அட்டவணையின் ஏ, பி, சி ஆண்டுகளில் இது எந்த ஆண்டு என்று குழம்பினால்: மூன்றால் மீதியின்றி வகுபடும் ஆண்டின் அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆயத்தக் காலம்) முதல் ஞாயிறில் 'ஏ' ஆண்டு தொடங்கும். 2025 வகுபடும், ஆகவே அந்த அட்வெந்தில் 'ஏ' தொடங்கியது.

ஆயரல்லாதவர் நடத்தும்போது அதிகம் பிழை வருவது இரண்டு இடத்தில். பாவ அறிக்கைக்குப் பிறகு ஆயர் எழுந்து நின்று 'உங்கள்மேல்' என்று சொல்லும் பாவமன்னிப்பை, சபையார் ஒருவரோ டீக்கனோ (ஆயருக்கு முந்தின நிலைப் பட்டம் பெற்றவர்) முழங்காலிலேயே இருந்து 'நம்மேல்' என்று மாற்றிச் சொல்லவேண்டும். புத்தகத்திலேயே சாய்வெழுத்தில் இருக்கிறது, ஆனால் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. நடத்துபவரின் பிரதியில் அந்தச் சொற்களைப் பென்சிலால் மாற்றி எழுதிவையுங்கள். அடுத்தது முடிவு. கையை உயர்த்தி ஆசீர்வாதம் கூறுவது ஆயருக்கும் பேராயருக்கும் உரியது. 102ஆம் பக்கத்தில் 'கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் கிருபை' உட்பட மூன்று முடிவு வாக்கியங்கள் உண்டு. ஒன்றைச் சொல்லி முடிக்கலாம்.

நடத்துவதற்கு ஒரே ஆளை நம்பாதீர்கள், குறைந்தது மூன்று பேரைப் பயிற்றுவிக்கவேண்டும். திருச்சபைச் சட்டத்தின் மூன்றாம் தலைப்பு, நான்காம் கேனன்படி (விதிப்படி) வர்ஷிப் லீடர் (ஆராதனை நடத்துபவர்) உரிமத்தைப் பேராயர் தருவார். சொந்தமாகப் பிரசங்கம் செய்ய அதே கேனனில் தனி உரிமம் உண்டு. அது கிடைக்கும்வரை, எபிஸ்கோப்பல் திருச்சபை வாராவாரம் இலவசமாக வெளியிடும் ஆயத்தப் பிரசங்கத்தை வாசிக்கலாம். முந்தின நாள் இரண்டு முறை உரக்க வாசித்துப் பாருங்கள். நீளமான வாக்கியங்களை எங்கே உடைப்பது என்று அப்போதுதான் தெரியும்.

நான்காம்_ஞாயிறு:

அக்கா, திருவிருந்து இல்லாமல் ஞாயிறா என்று முதியவர்கள் வருத்தப்படுவார்கள். முதல் ஞாயிறு ஆயரிடம் கூடுதலாகப் பிரதிஷ்டை செய்யச் சொல்லி, அப்பத்தைப் பேழையில் வைத்து, அடுத்த ஞாயிறு நாமே கொடுக்கலாமே? பல சபைகளில் அப்படித்தானே?

ஜெபப்புத்தகம்:

தம்பி, அதை நீங்களாகத் தொடங்கவேண்டாம். ஆயர் கிடைக்காதபோது ஒதுக்கிவைத்த திருவிருந்தைச் சபைக்குக் கொடுக்க, பேராயர் தம் விருப்பப்படி டீக்கன் ஒருவருக்கு அனுமதி தரலாம் என்றுதான் 408ஆம் பக்கம் சொல்கிறது. உங்களிடம் டீக்கன் இருந்தால் கடிதம் எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் காலை ஜெபத்தையே நன்றாகச் செய்யுங்கள்.

வீட்டில் படுத்திருப்பவர்களுக்குக் கொண்டுபோவது வேறு. அதற்கு யூக்கரிஸ்டிக் விசிட்டர் உரிமம் உண்டு. முதல், மூன்றாம் ஞாயிறுகளில் ஆராதனை முடிந்தவுடன் அவர்கள் பீடத்திலிருந்தே புறப்படவேண்டும். காபி குடித்துவிட்டு மூன்று மணிக்குப் போவது வழக்கமாகிவிட்டால், 'சபையோடு சேர்ந்து உண்கிறேன்' என்கிற உணர்வு நோயாளிக்குப் போய்விடும். ஒருவர் இரண்டு வீட்டுக்கு மேல் எடுக்கவேண்டாம்.

இன்னொன்று. சாம்பல் புதனுக்கு ஆயர் கிடைக்கவில்லை என்றால் சபையார் ஒருவரே அந்த ஆராதனையை நடத்தலாம், பாவமன்னிப்பு இடத்தில் காலை ஜெபத்தின் வடிவத்தைச் சொல்லவேண்டும். சாம்பலைத் தண்ணீரில் குழைக்கவே கூடாது. அது காரமாகி நெற்றித் தோலைப் புண்ணாக்கும். உலர்ந்தபடியே இடுங்கள், அல்லது ஒன்றிரண்டு துளி எண்ணெய்.

பீடவிரிப்பு:

ஆல்டர் கில்டு (பீடத்தை ஆயத்தம் செய்யும் குழு) பற்றி யாரும் சொல்லவில்லை. சிறு சபையில் இதை இரண்டு பேர்தான் பார்ப்பார்கள், அவர்களும் எழுபதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். அவர்கள் தலைக்குள் இருப்பதை இப்போதே எழுதி வாங்குங்கள். அலமாரியின் ஒவ்வொரு தட்டையும், பீடம் ஆயத்தமான நிலையையும் படம் எடுத்து, கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஒவ்வொரு சப்ளை ஆயரும் ஒவ்வொரு மாதிரி. கிண்ணம் வலப்பக்கமா, தண்ணீர் எவ்வளவு, கை கழுவப் பாத்திரம் தேவையா, ஆல்ப் (வெள்ளை அங்கி) கொண்டுவருவாரா என்று ஆளுக்கொரு அட்டை எழுதிவைத்தால் சனிக்கிழமை தொலைபேசி ஓயும்.

அளவு: ஒரு மிடறு ஏறக்குறைய 5 மில்லி. 28 பேரில் சிலர் தோய்த்து எடுப்பார்கள், சிலர் அப்பம் மட்டும். 120 மில்லி ஊற்றினால் போதும். 200 மில்லி ஊற்றுவது பொதுவான தவறு. மிஞ்சியதை ஆராதனைக்குப் பின் பயபக்தியோடு அருந்தி முடிக்கவேண்டும், அது வழக்கமாக ஆயர் தலையில் விழும், அவர் அரை மணி நேரம் கார் ஓட்டித் திரும்பவேண்டியவர். குறைந்துபோனால் ஆராதனையின் நடுவிலேயே கூடுதலாகப் பிரதிஷ்டை செய்ய 408ஆம் பக்கத்தில் சிறு ஜெபம் இருக்கிறது. ஆகவே குறைவாக ஊற்றப் பயப்படாதீர்கள். மாதம் இரண்டு முறை மட்டும் திறக்கிற புட்டி என்பதால் போர்ட் போன்ற வலுவூட்டிய ஒயின் வாங்குங்கள். சாதாரண ஒயின் இரண்டு வாரத்தில் புளித்துவிடும். குளூட்டன் இல்லாத அப்பத்தைத் தனிச் சிமிழில், மூடியோடு வையுங்கள். அதே தட்டில் ஓரமாக வைத்தால் மற்ற அப்பத்தின் துகள் ஒட்டும், குளூட்டன் ஒவ்வாத நோயுள்ளவருக்கு அது போதும் தீங்கு செய்ய.

துணிகள்: கிண்ணம் துடைக்கும் பியூரிபிகேட்டரையும் கிண்ணத்தின் கீழே விரிக்கும் கார்ப்பரலையும் முதலில் கையால் குளிர்ந்த நீரில் அலசி, அந்த நீரைச் சாக்கடைக்குப் போகாத சக்ராரியம் தொட்டியில், அல்லது மண்ணில் ஊற்றவேண்டும். பிறகுதான் மெஷின். உதட்டுச்சாயக் கறைக்குப் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தைத் தேய்த்துச் சற்று ஊறவிடுங்கள். குளோரின் பிளீச் போட்டால் லினன் மஞ்சளாகி நூல் நைந்துவிடும். ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். கார்ப்பரலை உள்முகமாக மூன்றாக, மறுபடி மூன்றாக மடித்தால் ஒன்பது சதுரம் வரும், துகள் சிந்தாது.

காணிக்கைக்_கணக்கு:

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிறு சபைகளில் நல்ல மனிதர்கள்மேல் வீண் சந்தேகம் விழுவது ஒழுங்கு இல்லாததால்தான். ஞாயிறு காணிக்கையை உறவினரல்லாத இரண்டு பேர் அங்கேயே எண்ணவேண்டும். கணவன் மனைவி ஒரு ஜோடியாக எண்ணக்கூடாது. நோட்டு, நாணயம், காசோலை தனித்தனியாகத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, முத்திரைப் பையில் போட்டு அன்றே வங்கியின் இரவுப் பெட்டியில். எண்ணுபவர் புத்தகக் கணக்கு எழுதக்கூடாது, கணக்கு எழுதுபவர் காசோலையில் கையெழுத்திடக்கூடாது. வங்கி அறிக்கையை மாதம் ஒருமுறை மூன்றாவது ஒருவர் பிரித்துப் பார்க்கவேண்டும்.

தேதிகள்: பரோக்கியல் ரிப்போர்ட் (சபையின் ஆண்டு அறிக்கை) மார்ச் 1க்குள். ஆண்டுத் தணிக்கை அறிக்கை எப்படியும் செப்டம்பர் 1க்குள் பேராயர் அலுவலகத்தில் இருக்கவேண்டும். ஒரே நன்கொடை 250 டாலரோ அதற்கு மேலோ என்றால் எழுத்துமூல ரசீது வேண்டும். அதில் 'ஆவிக்குரிய நன்மை தவிர வேறு பொருளோ சேவையோ கொடுக்கப்படவில்லை' என்கிற வரி விடுபட்டால் கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடைக்காமல் போகலாம். ஆயரின் டிஸ்கிரிஷனரி நிதி (ஆயர் தம் விருப்பப்படி உதவிக்குச் செலவிடுவது) சபையின் வரி எண்ணில்தான் இருக்கவேண்டும், தணிக்கைக்கும் உட்பட்டது. ரெக்டர் போனவுடன் அந்தக் கணக்கின் கையெழுத்தை மாற்றிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

இப்போதைய செலவு, எடுத்துக்காட்டாக: மாதம் இரண்டு ஞாயிறு, பண்டிகை நாலு, மொத்தம் 28 ஆராதனை. ஒன்றுக்கு 200 டாலர் என்றால் 5,600. போகவர 60 மைல், 2025இன் அரசு வீதம் மைலுக்கு 70 சென்ட், அது 1,176. மொத்தம் 6,776. கட்டணத்தை உங்கள் திருமண்டலம் (பேராயரின் ஆளுகைப் பகுதி) நிர்ணயித்திருக்கும், அதைப் போட்டுக் கணக்கிடுங்கள். ஒரே ஆயர் மாதக்கணக்கில் தொடர்ந்து வந்தால் பென்ஷன் கட்டணமும் சேரக்கூடும், அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பாதிநேர ஆயர் என்றால் கதையே வேறு. சம்பளமும் வீட்டுப்படியும் சேர்த்து 36,000 என்று வையுங்கள். சமூகப் பாதுகாப்பு வரியில் ஆயர் சுயதொழில் செய்பவராகக் கருதப்படுகிறார். அதில் பாதியை, 7.65 சதவீதத்தை, சபை ஈடுகட்டுவது வழக்கம்: 2,754. சர்ச் பென்ஷன் ஃபண்டுக்கு 18 சதவீதம், அந்த ஈடுகட்டலையும் சேர்த்த தொகைமேல்: 38,754இல் 6,976. இதுவே 45,730. மருத்துவக் காப்பீடு, பயணப்படி, படிப்புப்படி இன்னும் சேரவில்லை. 18 குடும்பம் சராசரி 2,200 கொடுத்தால் 39,600. ஆக, வாக்குறுதிக் காணிக்கை முழுவதையும் கொடுத்தாலும் ஆயருக்கே போதாது, கட்டிடச் செலவும் திருமண்டலப் பங்கும் வெளியே நிற்கும்.

பலர் தவறவிடுவது ஒன்று: வீட்டுப்படியை வெஸ்ட்ரி முன்கூட்டியே தீர்மானம் போட்டு மினிட்ஸில் பதியவேண்டும். பின்தேதியிட்டுச் செய்ய முடியாது. ஜனவரிச் சம்பளத்துக்கு டிசம்பர்க் கூட்டத்தில் போடுங்கள்.

புதிய_வெஸ்ட்ரி:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் மிக்க நன்றி. கணக்கைப் பார்த்தபின் பாதிநேரம் என்ற பேச்சை நிறுத்திவைக்கலாம் என்று தோன்றுகிறது. வெஸ்ட்ரியில் சிலர் நிதியிலிருந்து ஆண்டுக்கு 20,000 எடுத்தால் சமாளிக்கலாம் என்கிறார்கள். இன்னொரு பக்கம், சுற்றுவட்டாரத்தில் ஆறு தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை தமிழ் ஆராதனைக்கு ஆலயத்தைக் கேட்கிறார்கள். இவற்றைத் திட்டத்தில் எப்படிச் சேர்ப்பது?

மூன்றாண்டு:

நிதியிலிருந்து 20,000 வேண்டாம். ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தாலும் 1,80,000 சுமார் 12 ஆண்டில் தீர்ந்துபோகும், நடுவில் சந்தை ஒருமுறை விழுந்தால் இன்னும் சீக்கிரம். கடந்த 12 காலாண்டுகளின் சராசரி மதிப்பில் 4 சதவீதம் என்று விதி எழுதுங்கள். 7,200 வரும், சப்ளை ஆயர் செலவு அதற்குள் அடங்குகிறது. அதற்கு முன்னால், நிதியில் எந்தப் பகுதி நன்கொடையாளர் நிபந்தனையோடு கொடுத்தது என்று பழைய உயில்களையும் கடிதங்களையும் எடுத்துப் பாருங்கள். ஆர்கனுக்கென்று கொடுத்த பணத்தைச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது.

ஆயரைப் பகிர்ந்துகொள்வதுதான் இந்த அளவுச் சபைக்கு நல்ல வழி என்று நினைக்கிறேன். அருகில் இன்னொரு எபிஸ்கோப்பல் சபை இல்லாவிட்டாலும், இ.எல்.சி.ஏ (அமெரிக்காவின் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) சபையோடு 2001 முதல் முழு ஐக்கியம் இருக்கிறது. அவர்களுடைய போதகர் பேராயரின் அனுமதியோடு நம் பீடத்தில் திருவிருந்து நடத்தலாம். நடைமுறையில் உடைவது நேரம்தான். 9 மணிக்கு ஒரு சபை, 11க்கு மற்றது, நடுவே 20 மைல் என்றால் போதகர் கைகுலுக்கக்கூட நிற்காமல் ஓடுவார், இரண்டாவது சபை எப்போதும் களைத்த மனிதரையே பார்க்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரத்தை மாற்றிக்கொள்வதென்றும், கிறிஸ்துமஸ் ஈவ் யாருக்கு எந்த மணி என்றும், பென்ஷன் எந்தத் திருச்சபை முறைப்படி என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை ஞாயிறு, விடுப்பு எத்தனை நாள் என்று எழுதாத பாதிநேரப் பணி, பாதிச் சம்பளத்தில் முழுநேரப் பணியாகிவிடும். ஒன்றிரண்டு ஆண்டில் அவர் போய்விடுவார்.

வாரநாள்: புதன் இரவு ஜூமில் கம்ப்ளைன் (உறங்குமுன் செய்யும் ஜெபம்), 127ஆம் பக்கம், 15 நிமிடம். செலவில்லை, இரவில் கார் ஓட்ட முடியாத முதியவர்களும் வரலாம், வாசிப்பைச் சுற்றில் கொடுத்தால் புதிய நடத்துனர்களுக்கு அதுவே பயிற்சி. ஜெபப் புத்தகத்துக்குக் காப்புரிமை இல்லை, முழுவதையும் அச்சிட்டுக் கொடுக்கலாம். பாட்டுக்கு அப்படியல்ல. பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாடினால் சிக்கலில்லை. ஆனால் பாட்டைத் தாளில் அச்சிட்டாலோ நேரலை செய்தாலோ, காப்புரிமையுள்ள பாட்டுக்கு உரிமம் வாங்கவேண்டும். உணவு வங்கிப் பொருள் விநியோகம் வைத்தால், அரசு தரும் பொருளை வாங்க ஜெபத்தில் கலந்துகொள்வதை நிபந்தனையாக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் வெப்பநிலையை எழுதிவைக்கும் ஆளையும் குறித்துவிடுங்கள்.

கட்டிடத்துக்கு முதல் ஆண்டிலேயே கூரை, பாய்லர், மின்கம்பி மூன்றையும் ஆள் வைத்துப் பரிசோதித்து, மிச்சமுள்ள ஆயுளை ஆண்டுக்கணக்கில் எழுதி வாங்குங்கள். கூரை 40,000 டாலர், எட்டு ஆண்டு தாங்கும் என்றால், ஆண்டுக்கு 5,000 ஒதுக்கவேண்டும். அந்த வரி வரவுசெலவில் இல்லையென்றால் உங்கள் கணக்கு சமன் என்பது தோற்றம் மட்டுமே. குளிர்காலத்தில் வாரநாள் வெப்பத்தை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். மிச்சமாகும் எரிவாயுவைவிட வெடித்த குழாய்க்கு அதிகம் செலவாகும்.

தமிழ்க் குடும்பங்களை வரவேற்றுக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ-யும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உள்ள திருச்சபை, அந்நியர் யாரும் இல்லை. ஆனால் முதலில் ஒன்றைத் தெளிவாக்குங்கள்: அது உங்கள் சபையின் தமிழ் ஆராதனையா, தனிச் சபை உங்கள் கட்டிடத்தில் கூடுவதா? முதலாவது என்றால் காணிக்கை உங்கள் கணக்கில், வருகை உங்கள் பதிவேட்டில், நடத்துபவருக்கு உங்கள் பேராயரின் உரிமம். சி.எஸ்.ஐ முறைமையைப் பயன்படுத்தவும், இந்தியாவிலிருந்து வரும் ஆயர் திருவிருந்து நடத்தவும் பேராயரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இரண்டாவது என்றால் கட்டிட உபயோக ஒப்பந்தம், அவர்களுடைய காப்பீட்டுச் சான்று, சாவி யாரிடம், சமையலறையை யார் கழுவுவது. இதைக் கலந்து வைத்தால் ஆறாவது மாதத்தில் மனத்தாங்கல் வரும். தொடங்குவதற்கு ஞாயிறு மாலை 4 மணி மாலை ஜெபம் சரியாக இருக்கும், ஆயர் தேவையில்லை, கீர்த்தனையும் பாமாலையும் தாராளமாகப் பாடலாம். பிள்ளைகள் வருவார்கள், ஆகவே ஓர் அறையில் உறவினரல்லாத இரண்டு பெரியவர்கள் என்கிற விதியும் சேஃப் சர்ச் (பிள்ளைகள் பாதுகாப்பு) பயிற்சியும் அன்றைக்கே பொருந்தும்.

ஹாலையோ நிலத்தையோ விற்கலாம் என்று பேச்சு வந்தால், பேராயரும் ஸ்டாண்டிங் கமிட்டியும் (திருமண்டலத்தின் ஆலோசனைக் குழு) எழுத்தில் சம்மதிக்காமல் வெஸ்ட்ரியால் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. பல திருமண்டலங்கள் நீண்ட குத்தகைக்கும் இதைக் கேட்கும். தரகரைப் பார்ப்பதற்கு முன் பேராயர் அலுவலகத்தில் பேசுங்கள்.

காணிக்கைக்_கணக்கு:

மூன்றாண்டு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 18 வாக்குறுதிகளைப் பெயரில்லாமல், பெரியதிலிருந்து சிறியதாக, பக்கத்தில் வயதுப் பிரிவோடு வரிசைப்படுத்துங்கள். முதல் மூன்று வாக்குறுதிகள் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 40 சதவீதம் வந்தால், அதில் ஒரு குடும்பம் மகன் வீட்டுக்கு இடம் மாறினாலே திட்டம் சரிந்துவிடும். அந்த மூன்றில் ஒன்று இல்லாமலும் ஒரு வரவுசெலவு எழுதி, இரண்டையும் வெஸ்ட்ரியில் வையுங்கள்.

புதிய_வெஸ்ட்ரி:

வரிசைப்படுத்திப் பார்த்தேன், முதல் மூன்றும் சேர்ந்து 37 சதவீதம். இரண்டு வரவுசெலவும் எழுதுகிறேன். காலை ஜெபம் நடத்த மூன்று பேர் சம்மதித்துவிட்டார்கள், உரிமத்துக்கான கடிதம் இந்த வாரம் போகிறது. பேராயர் ஆண்டு வருகைக்கு வரும்போது திட்டத்தைக் காட்டலாமா, முன்னாலேயே அனுப்பவேண்டுமா?

ஜெபப்புத்தகம்:

ஒரு மாதம் முன்னாலேயே அனுப்புங்கள் தங்கச்சி, இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல். வருகை நாளில் திடப்படுத்தல், விருந்து என்று நேரம் போய்விடும். ஆராதனைக்குப் பின் வெஸ்ட்ரியோடு 45 நிமிடம் வேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். டீக்கன் பற்றிய கேள்வியையும் அதில் சேருங்கள்.